சீரியல் கேட்வே தானாகவே சேர்வரை அழைக்க என்ன அமைப்பு வேண்டும்? (ஒட்டுசுட்டான் பால் நிலையம், சிம் இணைப்பு)

மாங்குளம்_பால் | செவ்வாய், இரவு 8.14

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறிய பால் குளிரூட்டும் நிலையத்தின் மின் வேலைகளைப் பார்க்கிறேன். 1000 லீற்றர் தாங்கி ஒன்று இருக்கிறது. அதன் வெப்பநிலைக் கருவியும் மின் மீற்றரும் ஒரே ஆர்எஸ்-485 வயரில், மொட்பஸ் ஆர்டியூவில் (கேள்வி கேட்டால் விடை தரும் கருவி மொழி) பேசுகின்றன. பால் நிறுக்கும் தராசு தனியாக ஆர்எஸ்-232. இரண்டு சீரியல் போர்ட் உள்ள கேட்வேயில் (சீரியல் வயரில் வருவதை இணையத்துக்கு மாற்றும் பெட்டி) இவற்றைக் கொண்டுவந்து சேர்த்து, ஒரு 4ஜி சிம் ரவுட்டரில் மாட்டியிருக்கிறேன். வவுனியா அலுவலகத்தில் இருந்து தாங்கியின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் தேவை.

கேட்வேயை டிசிபி சேர்வராக (அழைப்புக்குக் காத்திருக்கும் பக்கமாக) அமைத்து, போர்ட் 4001ஐ ரவுட்டரில் திறந்துவிட்டு, அலுவலகத்தில் இருந்து இணைத்துப் பார்த்தேன். நிலையத்துக்கு உள்ளே மடிக்கணினியில் நன்றாக வேலை செய்கிறது. வவுனியாவில் இருந்து மூன்று நாளாக முயன்றும் எட்டவே இல்லை. ரவுட்டர் தன்னுடைய முகவரி 100.72 என்று தொடங்குவதாகக் காட்டுகிறது. இணையத்தில் பார்த்தால் வேறொரு முகவரி வருகிறது. எங்கே பிழை?

நெடுங்கேணி_நிலா | செவ்வாய், இரவு 8.51

அண்ணை, உங்கள் அமைப்பில் பிழை இல்லை. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகளை 2012இல் தொலைபேசி நிறுவனங்களின் உள் பாவனைக்கென்றே ஒதுக்கினார்கள். ஒரே வெளி முகவரியைப் பல சிம்கள் பங்கு போடுகின்றன. வெளியில் இருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடும். அது எந்த சிம்முக்கு என்று அந்த வாசலுக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அந்த வாசல் திறக்காது.

உள்ளே இருந்து வெளியே போகும் அழைப்புக்கு இந்தத் தடை இல்லை. அதனால் திசையை மாற்றுங்கள். கேட்வே டிசிபி கிளையன்ட் (அழைக்கும் பக்கம்) ஆகட்டும். நிலையான முகவரி உள்ள ஒரு சேர்வரை அது அழைக்கட்டும். அலுவலகத்து இணைப்பிலும் நிலையான முகவரி இல்லை என்றால், மாத வாடகைக்கு ஒரு சின்ன மேகக் கணினி எடுத்தால் போதும். அதை நடுவில் வைத்து, கேட்வேயும் அலுவலகமும் இரண்டு பக்கமும் அதற்கு வந்து சேரலாம்.

வயர்க்காரன் | செவ்வாய், இரவு 9.30

தங்கச்சி சொன்னதுதான் வழி. கிளிநொச்சியில் நான் போட்ட நாலு இடமும் இப்படித்தான் ஓடுகிறது. அமைப்புப் பக்கத்தில் என்ன வரும், எதை நிரப்புவது என்று சொல்கிறேன். பெயர்கள் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும்.

ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் தனித்தனியாக டிசிபி கிளையன்ட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்கு முகவரியில் சேர்வரின் ஐபி அல்லது பெயர், பிறகு இலக்கு போர்ட். வெப்பநிலைக்கு ஒரு எண், தராசுக்கு ஒரு எண் என்று பிரித்துக் கொடுங்கள். மொக்சா பெட்டிகள் சேர்வர் முறையில் காத்திருப்பது 4001இல், டிஜி 2101இல், லான்ட்ரோனிக்ஸ் 10001இல். இப்போது அழைப்பது நீங்கள் என்பதால் அந்த எண்களுக்கு வேலை இல்லை. உங்கள் சேர்வரில் எது திறந்திருக்கிறதோ அதைப் போடுங்கள். உள்ளூர் போர்ட் என்ற கட்டத்தைத் தானியங்கியாக விட்டுவிடுங்கள். அதை ஒரே எண்ணில் கட்டிவைத்தால், அறுந்த பிறகு திரும்ப இணையும்போது பழைய இணைப்பின் மிச்சம் வழிமறிக்கும்.

கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது, எப்போது அழைப்பது என்ற அமைப்பு. மின் வந்ததும் அழைத்து, அறுந்தால் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருப்பது ஒன்று. சீரியல் பக்கம் ஒரு எழுத்து வந்தால் மட்டும் அழைப்பது இன்னொன்று. டிஎஸ்ஆர் அல்லது டிசிடி வயர் உயர்ந்தால் அழைப்பது மூன்றாவது. பழைய மோடம் காலத்துக் கருவிகளுக்கு அது இன்னும் தேவைப்படும். உங்கள் வெப்பநிலைக் கருவி மொட்பஸ். யாராவது கேட்டால்தான் பேசும். ‘எழுத்து வந்தால் அழை’ என்று வைத்தால் அது வாயே திறக்காது, அழைப்பும் போகாது. அதற்கு எப்போதும் இணைந்திரு. தராசுக்கு எழுத்து வந்தால் அழை, சும்மா இருந்தால் அறு.

அழைத்துப் பார்க்கும் முன் சேர்வரில் நெட்கேட் என்ற சின்னச் சோதனை நிரலை அந்தப் போர்ட்டில் கேட்க வைத்துவிட்டு, உங்கள் கைபேசியின் சிம்மில் இருந்து இணைத்துப் பாருங்கள். மேகக் கணினிக்கு உள்ளே ஒரு ஃபயர்வோலும் வெளியே அவர்களின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறப்பது எல்லாருக்கும் நடக்கும்.

ஐஸ்_முல்லை | புதன், காலை 6.40

நடுவில் ஒரு சந்தேகம். முல்லைத்தீவில் ஐஸ் ஆலை ஒன்றில் இதே யோசனை எனக்கும் உண்டு. கேட்வே கிளையன்ட் ஆகிவிட்டால், மொட்பஸில் கேள்வி கேட்பதும் கேட்வேயா? என் திரை மென்பொருளில் மாஸ்டர் (கேள்வி கேட்கும் பக்கம்) என்றாலே அதுதான் போய் இணைய வேண்டும் என்று இருக்கிறது.

நெடுங்கேணி_நிலா | புதன், காலை 7.25

யார் அழைப்பது என்பது வேறு, யார் கேள்வி கேட்பது என்பது வேறு, அண்ணா. வீட்டுக்காரர் தொலைபேசியில் உங்களை அழைத்தாலும், ‘தண்ணி எவ்வளவு நிற்குது’ என்று கேட்பது நீங்களாக இருக்கலாம். கேட்வே அழைத்துக் குழாயைத் திறந்து வைக்கும். சேர்வரில் உள்ள மாஸ்டர் அந்தக் குழாய்க்குள் கேள்வியை அனுப்பும்.

ஆனால் பல திரை மென்பொருட்களுக்கு இப்படிக் காத்திருக்கத் தெரியாதுதான். அதற்கு நடுவில் சோகாட் போன்ற ஒரு நிரலை வைத்து, வந்த இணைப்பை ஒரு போலி சீரியல் போர்ட்டாகக் காட்டிவிடலாம். மென்பொருள் அதைப் பக்கத்தில் உள்ள வயர் என்றே நினைத்துக்கொள்ளும். விடைக்குக் காத்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டி வையுங்கள். வயரில் 200 மில்லி செக்கன் போதும், 4ஜியில் 2, 3 செக்கன் வேண்டும்.

மாங்குளம்_பால் | வியாழன், பின்னேரம் 5.02

இணைந்துவிட்டது! நேற்று விடிய ஆறரைக்குப் போட்டேன், உடனே சேர்வரில் வந்து நின்றது. வயர்க்காரன் அண்ணைக்கும் நிலாவுக்கும் நன்றி.

இப்போது இரண்டு தொல்லை. வெப்பநிலை பத்தில் மூன்று தடவை சிஆர்சி (செய்தி பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) பிழை என்று வருகிறது. மற்றது, சிம்மில் போட்ட டேட்டா ஒரு நாளில் கிட்டத்தட்ட 80 எம்பி குறைந்திருக்கிறது. மாதப் பொதி 2 ஜிபிதான்.

ஆலைக்கணக்கு | வியாழன், இரவு 7.45

பரந்தனில் நெல் ஆலை ஒன்றில் தராசுகளோடு மாரடிக்கிறவன் நான். டேட்டாவைத் தின்பது உங்கள் தராசுதான். அது தொடர் அனுப்பல் முறையில் இருக்கும். செக்கனுக்கு 10 வரி, வரிக்கு 18 எழுத்து என்று வையுங்கள். ஒவ்வொரு வரியும் தனிப் பொதியாகப் போனால் தலைப்புக்கு 40 பைட், எதிர்ப்பக்கத்து ஒப்புதலுக்கு 40 பைட் சேரும். ஆக வரிக்கு 98, செக்கனுக்கு 980. ஒரு நாளைக்கு 86,400 செக்கன். பெருக்கிப் பாருங்கள், 84 எம்பிக்கு மேல் வரும். மாதம் இரண்டரை ஜிபி. தட்டில் ஒரு துளி பால் இல்லாதபோதும் பூச்சியம் பூச்சியம் என்று இரவு முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கும்.

வயர்க்காரன் சொன்ன ‘சும்மா இருந்தால் அறு’ இதனால்தான் உங்களுக்கு வேலை செய்யவில்லை. அது சும்மா இருப்பதே இல்லையே. தராசின் உள் அமைப்பில், எடை நிலைத்தபின் பிரின்ட் பொத்தானை அழுத்தினால் மட்டும் அனுப்பு என்று மாற்றுங்கள். கேட்வேயில் வரி முடிவுக் குறியாக 0டி, 0ஏ இரண்டையும் கொடுங்கள். அப்போது ஒரு முழு வரி சேர்ந்த பிறகே பொதி கிளம்பும். எங்கள் ஆலையில் இதைச் செய்யாமல் விட்ட நாளில் 1,250 கிலோ என்பது 1 என்றும் 250 என்றும் இரண்டு வரியாக விழுந்தது. கணக்குப்பிள்ளையும் நானும் கிழமை முழுக்க அதைத் தேடினோம்.

வயர்க்காரன் | வியாழன், இரவு 8.20

சிஆர்சி பிழையும் அதே உறவுதான். மொட்பஸ் ஆர்டியூவில் ஒரு செய்தி முடிந்தது என்பதற்கு அடையாளம் அமைதி. மூன்றரை எழுத்து நேரம் வயர் அமைதியாக இருந்தால் செய்தி முடிந்தது. 9600 வேகத்தில் அது சுமார் 4 மில்லி செக்கன். கேட்வே அந்த அமைதிக்குக் காத்திராமல் கையில் வந்ததை வந்தபடி அனுப்பினால், ஒரு விடை இரண்டு பொதியாக உடையும். பாதி விடையை வைத்துக்கொண்டு சேர்வர் சிஆர்சி பார்த்தால் பிழை என்றுதான் சொல்லும். ‘இவ்வளவு நேரம் எழுத்து வராவிட்டால் அனுப்பு’ என்ற கட்டம் ஒன்று இருக்கும். அதில் 20 மில்லி செக்கன் போடுங்கள். அங்கே பூச்சியம் இருந்தால் உடனுக்குடன் அனுப்பு என்று அர்த்தம்.

அதற்கும் பிழை நிற்காவிட்டால் வயரைப் பாருங்கள். ஏ, பி என்ற குறி கம்பனிக்குக் கம்பனி தலைகீழாக இருக்கும். கோட்டின் இரண்டு முனையிலும் மட்டும் 120 ஓம் மின்தடை. நடுவில் உள்ள மீற்றரில் போடக் கூடாது.

நெடுங்கேணி_நிலா | வியாழன், இரவு 9.05

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் கேட்வேயிலேயே மொட்பஸ் கேள்வி கேட்கும் வசதி இருந்தால், அது உள்ளேயே கேட்டு, நிமிடத்துக்கு ஒரு வரியாகச் சேர்வருக்குத் தள்ளிவிடட்டும். கேள்வி விடை இரண்டும் 4ஜியில் ஓடத் தேவையில்லை. டேட்டாவும் மிச்சம்.

மாங்குளம்_பால் | வெள்ளி, காலை 11.10

அப்படியே செய்துவிட்டேன். கேட்வே நிமிடத்துக்கு ஒரு வரி தள்ளுகிறது, சிஆர்சி பிழை இல்லை, தராசும் அமைதி. வவுனியாவில் பெரிய திரையில் வெப்பநிலை தெரிகிறது. எல்லாருக்கும் சந்தோசம்.

மாங்குளம்_பால் | அடுத்த வியாழன், காலை 10.33

திரும்ப வந்திருக்கிறேன். இந்த முறை சந்தோசமாக இல்லை.

நேற்றுப் பின்னேரப் பால் 430 லீற்றர் தாங்கிக்குள் போனது. குளிர்ந்துகொண்டு இருந்தது. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இடி மின்னலோடு கரண்ட் போனது. வவுனியாவில் இரவுப் பொறுப்பில் இருந்தவர் எட்டரைக்குத் திரையைப் பார்த்திருக்கிறார். 9.8 பாகை. குளிர்ந்து வருகிறது, பத்து மணிக்கு 4க்கு வந்துவிடும் என்று நினைத்து மற்ற வேலைக்குப் போய்விட்டார். கரண்ட் ஒன்பதரைக்கு வந்தது. ஆனால் கொம்பிரசரின் பாதுகாப்பு ரிலே விழுந்து கிடந்திருக்கிறது, கையால் தட்டிவிட வேண்டிய வகை. விடிய ஐந்தரைக்கு அக்கா ஒருவர் வந்து மூடியைத் திறந்தபோது 11 பாகைக்கு மேல். அல்கஹோல் பரிசோதனையில் பால் திரைந்துவிட்டது. முழுவதையும் ஊற்ற வேண்டியதாயிற்று.

வவுனியாத் திரையில் அந்த நேரமும் 9.8. இரவு முழுக்க 9.8. சேர்வர் பட்டியலில் ‘இணைந்துள்ளது’ என்று பச்சையில் நிற்கிறது. நிலையத்துக்குப் போய்க் கேட்வேயைப் பார்த்தேன். அங்கேயும் இணைப்பு விளக்கு பச்சை. இரண்டு பக்கமும் பச்சையாக இருந்துகொண்டு நடுவில் ஒன்றும் போகவில்லை. இது எப்படி நடக்கும்? பால் தந்தவர்களுக்கு நிலையம் பணம் கொடுக்கிறது. ஆனாலும் அந்த அக்கா குழாயைத் திறந்துவிட்டு நின்றதைப் பார்த்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நெடுங்கேணி_நிலா | வியாழன், மதியம் 12.20

அண்ணை, வாசித்ததும் மனம் கனத்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு வரி தள்ளச் சொன்னவள் நான். அதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

டிசிபி இணைப்பு என்பது இரண்டு முனையிலும் உள்ள ஒரு நினைவு மட்டுமே. நடுவில் கயிறு ஒன்றும் இல்லை. ஒழுங்காக அறுக்கும்போது ‘நான் போகிறேன்’ என்று ஒரு முனை சொல்லிவிட்டுப் போகும். கரண்ட் போய் அணைந்த கேட்வே அதைச் சொல்லவில்லை. உங்கள் சேர்வர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது, எதையும் அனுப்புவதில்லை. அனுப்பினால்தானே ஒப்புதல் வரவில்லை என்று தெரியும்? அதனால் அது மாதக் கணக்கிலும் அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்திருக்கும். முன்பு சேர்வர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது இந்த ஆபத்து இவ்வளவு இல்லை.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்ததும் கேட்வே சரியாகவே திரும்ப அழைத்தது. சேர்வரின் இயங்குதளம் அழைப்பை ஏற்று வரிசையில் நிறுத்தியது. அதனால்தான் கேட்வேயில் பச்சை. ஆனால் உங்கள் நிரல் ஒரு போர்ட்டுக்கு ஒரே இணைப்பு என்று எழுதப்பட்டது. செத்த பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற புதியதை அது எடுக்கவே இல்லை. கொம்பிரசர் நிற்கிறது, பால் சூடாகிறது என்று கேட்வே இரவெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எடுத்து வாசிக்க ஆள் இல்லை.

செய்ய வேண்டியது: முதலில் இரண்டு பக்கமும் கீப்அலைவ் (சும்மா இருக்கும்போது ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்ப்பது). லினக்ஸில் அது நிரல் கேட்டால்தான் இயங்கும். கேட்டாலும் இயல்பு அளவு 7200 செக்கன் சும்மா இருந்தபின் தொடங்கி, 75 செக்கனுக்கு ஒன்றாக 9 தடவை. கூட்டினால் 2 மணி 11 நிமிடம். பாலுக்கு அது ஆகாது. 60 செக்கன் சும்மா இருந்தால் தொடங்கு, 15 செக்கனுக்கு ஒன்று, 4 தடவை என்று வையுங்கள். இரண்டு நிமிடத்தில் செத்த இணைப்பு விழுந்துவிடும். ஆனால் நீங்கள் நிமிடத்துக்கு ஒரு வரி தள்ளுவதால் சேர்வர் பக்கம் இதைவிட எளிய வழி உண்டு. மூன்று நிமிடம் வரி வராவிட்டால் நிரலே இணைப்பை மூடட்டும்.

அடுத்தது, புதிய இணைப்பு வந்தால் பழையதை உதறிவிட்டுப் புதியதை எடு என்று நிரலை மாற்ற வேண்டும். சேர்2நெட் என்ற நிரலைப் பாவித்தால் அதற்குக் ‘கிக்ஓல்ட்யூசர்’ என்று ஓர் அமைப்பே இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிது. திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் அது எத்தனை மணிக்கு வந்தது என்று போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் எண்ணையே எடுத்துவிட்டு வெறும் கோடு காட்டுங்கள். இரவுப் பொறுப்பில் இருந்தவர் கோட்டைப் பார்த்திருந்தால் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருப்பார். 9.8ஐப் பார்த்ததால் எடுக்கவில்லை. அவரில் பிழை சொல்ல முடியாது.

வயர்க்காரன் | வியாழன், இரவு 8.48

தம்பி, மனம் தளராதீர். புரட்டாதி ஐப்பசி இடியில் நம் பக்கத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். அதற்குத் தகுந்த மாதிரிப் பெட்டியை வைப்போம்.

கரண்ட் வந்ததும் கேட்வே பத்துச் செக்கனில் எழும்பிவிடும். 4ஜி ரவுட்டர் டவரைப் பிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். சில கேட்வேகள் எழும்பிய உடனே சேர்வரின் பெயரை முகவரியாக்கப் பார்த்து, கிடைக்காவிட்டால் திரும்பக் கேட்காமல் அப்படியே குந்தியிருக்கும். கனகபுரத்தில் ஓரிடத்தில் இதனாலேயே கிழமைக்கு இரண்டு தரம் போய் வயரைக் கழற்றி மாட்டினேன். பிறகு கேட்வேயின் மின்சாரத்தை ஒரு டைமர் ரிலே வழியாகக் கொடுத்து, மூன்று நிமிடம் பிந்தி எழும்ப வைத்தேன். அதோடு அந்தப் பயணம் நின்றது. ரவுட்டருக்கும் கேட்வேக்கும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கரண்ட் போன செய்தியையே அது அனுப்பும்.

ஆர்எஸ்-485 கோடு கட்டிடத்துக்கு வெளியே போகிறதா? போனால் இரு முனையிலும் இடி தாங்கி போட்டு நல்ல பூமிக் கம்பியில் கட்டுங்கள். அந்த ரிலேயையும் தானாக மீளும் வகையாக மாற்றலாமா என்று குளிரூட்டி வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். அதைக் கேட்காமல் நீங்களாக மாற்ற வேண்டாம்.

ஐஸ்_முல்லை | வெள்ளி, காலை 6.15

இந்த இழையை வாசித்துவிட்டு விடிய என் சேர்வர் போர்ட்டைத் திறந்து பார்த்தேன். யாரென்றே தெரியாத முகவரிகள் வந்து தட்டுகின்றன. இதை எப்படி மூடுவது? எங்கள் கேட்வேயின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் முகவரியை வைத்து அனுமதி கொடுக்க முடியவில்லை.

நெடுங்கேணி_நிலா | வெள்ளி, காலை 7.50

கேட்வேயில் டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டும் மறைகுறி முறை) இருந்தால் அதைப் போட்டு, சான்றிதழை இரண்டு பக்கமும் சரிபார்க்க வையுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டரில் வயர்கார்ட் விபிஎன் போட்டு, கேட்வே அந்தக் குழாய்க்கு உள்ளே மட்டும் அழைக்கட்டும். வெளியே அந்த டிசிபி போர்ட் தெரியவே தெரியாது. வயர்கார்டில் 25 செக்கன் கீப்அலைவ் வைத்தால் சிம் நிறுவனத்தின் வாசல் மூடாமல் இருக்கும்.

ஒரு விசயம் கவனம். மலிவான ரவுட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்தால் திகதி பின்னுக்குப் போய்விடும். பழைய திகதியோடு வரும் கைகுலுக்கலை வயர்கார்ட் ஏற்காது. டிஎல்எஸ்ஸும் சான்றிதழின் காலம் பொருந்தவில்லை என்று சொல்லும். அதனால் நேரம் கேட்கும் என்டிபி அழைப்பு விபிஎன் குழாய்க்குள் போகாமல், நேராக வெளியே போகும்படி வையுங்கள். குழாய் திறக்க நேரம் வேண்டும், நேரம் எடுக்கக் குழாய் வேண்டும் என்று வைத்தால் இரண்டும் நடக்காது.

மாங்குளம்_பால் | அடுத்த செவ்வாய், இரவு 9.40

நான்கு நாள் இருந்து எல்லாவற்றையும் மாற்றினேன். நிரலை மாற்ற நிலா தொலைபேசியிலேயே கூட இருந்தா. நன்றி தங்கச்சி.

இன்று பின்னேரம் பால் இல்லாத நேரத்தில் சோதித்தோம். 4.10க்கு, ஒன்றும் சொல்லாமல், மெயின் சுவிட்சைப் பிடித்து இறக்கினேன். பேட்டரி வயரையும் கழற்றினேன். வவுனியாவில் திரைக்கு முன்னால் இருந்தவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தேன். 4.13க்கு இணைப்பு விழுந்தது என்றார். 4.15க்கு எண் போய்க் கோடு வந்தது. 4.20க்கு சுவிட்சை ஏற்றினேன். ரவுட்டர் டவரைப் பிடித்து, டைமர் ‘டிக்’ என்று விட்டு, கேட்வே எழும்பி, 4.24க்கு 27.6 பாகை, வெறும் தாங்கி என்று திரையில் வந்தது. இதையே மூன்று தரம் செய்தோம். மூன்று தரமும் வந்தது.

அந்த அக்காவும் பக்கத்தில் நின்று பார்த்தா. கோடு வந்தால் வவுனியாவில் இருந்து யாருக்குத் தொலைபேசி வரும் என்று கேட்டா. உங்களுக்குத்தான், அது எடுபடாவிட்டால் எனக்கு என்றேன். தன் இலக்கத்தோடு மகனின் இலக்கத்தையும் எழுதித் தந்தா. நாளைக்கு இரண்டையும் சேர்க்கிறேன்.

ஆலைக்கணக்கு அண்ணை, தராசின் பிரின்ட் முறையில் எடை பார்த்த நேரம் வரியில் வரவில்லை. உங்கள் தராசில் அதை எப்படி எடுத்தீர்கள்?